சின்னசேலத்தில் ஒரு பையன் வீட்டில் படிக்கிறான்

வெள்ளிமலைக்கு மேலே
17 நவம்பர் 2024

தேவிப்ரியா அக்காவுக்கு,

உறை வந்தது. மெமரி கார்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தைத்திருந்தீர்கள். தபால்காரர் கந்தசாமி அண்ணன் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா உள்ள, வெதையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கத் தெரியவில்லை.

வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால் இரண்டு கோடு. வாரத்தில் ஒரு நாள் ஏறுகிறேன். ஃபோனில் நான் சொன்னது உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் ஊர் சங்கராபுரம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கல்லூரியில் பழக்கமான பகலவனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த மலைக்கு வந்தேன். அவர் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வேன் ஓட்டுகிறார். என் வீட்டார் பேசுவதில்லை.

மகள் ஜீவா. எட்டு வயது. இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனாள். அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. ஆகஸ்டில் பேச்சு வராத பிள்ளை என்று சொல்லித் தனியாக உட்கார வைத்தார்கள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் அனுப்பவில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்களுக்கான உங்கள் ஃபோன் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். சேர்ந்த அன்று கேட்டேன்: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாராவது இருக்கிறீர்களா? மூன்று கட்டைவிரல்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா, "மலையா! கொடுத்துவைத்த குழந்தை" என்று எழுதினார். அடுத்த வாரம் ஏறியபோது உங்கள் செய்தி. "சின்னசேலம். ரயில் நிலையத்துக்குப் பின்னால். முகவரி அனுப்பு."

அதை நிறைய முறை படித்தேன்.

சந்தியா


சின்னசேலம்
28.11.2024

அன்புள்ள சந்தியா,

புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். இரண்டு குழுக்களுக்கு மேல் சேராதே. பாதிக் குழுக்களில் ஏதாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். முதல் மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கிவைத்துக்கொள்ளத் தோன்றும். எதையும் திறந்து பார்க்க மாட்டோம். கார்டில் எட்டுக் கோப்புறைகள் இருக்கின்றன. அரசுப் பாடநூல்கள், வாசித்துப் பதிவு செய்த கதைகள், கணக்கு விளையாட்டுகள், அடுப்படிச் சாமான்களை வைத்துச் செய்யும் சோதனைகள். வாரத்துக்கு ஒன்றுதான் திறக்க வேண்டும்.

இணையத்தில் ஊர் பெயரைப் போட்டுத் தேடாதே, ஏமாற்றம்தான். குழந்தையின் வயதையும் அது இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியையும் போட்டுத் தேடு.

இன்னொன்று. ஜீவாவைப் பள்ளி நேரத்தில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டாதே. வெளியே விளையாடட்டும். ஒளித்தால்தான் ஊர் கேட்கும்.

என் மகன் இளவரசனுக்குப் பத்து வயது. இன்று சைக்கிள் செயினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுகிறான். அதுதான் இன்றைய கணக்குப் பாடம். அவன் அப்பா வெற்றிவேல் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நாங்கள் இரண்டு பேர்தான்.

பார்த்து முடித்த கார்டைத் திருப்பி அனுப்பு. நிரப்பி அனுப்புகிறேன். எப்போதும் ஒரு கார்டு அங்கே, ஒன்று இங்கே.

தேவிப்ரியா


19 டிசம்பர்

அக்கா,

ஒளிக்கவில்லை. ஊர் கேட்கிறது.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "இன்னா சந்தியா, பொண்ண நிறுத்திட்டியாமே. மாப்ள பாத்துட்டீங்களா? எங்களுக்கெல்லாம் பத்திரிகை உண்டா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த மலையில் ஒரு பெண்பிள்ளை பள்ளியிலிருந்து நின்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான். கல்யாணம். இல்லையென்றால் பெற்றோரோடு வேலைக்குப் போகிறாள். உங்கள் குழுவில் எழுதுகிற மூன்றாவது அர்த்தம் இவ்வளவு மேலே ஏறி வரவில்லை.

பகலவனிடம் அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம்.

"நான் காலு தேய பதினோரு கிலோமீட்டர் நடந்து படிச்சவன். எங்கப்பன் கைநாட்டு. அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து எம் பொண்ண இட்டாந்து வூட்ல வெச்சிக்கினு கீற. எங்கப்பன் கேட்டா இன்னான்னு சொல்றது?"

நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

"ஃபோன்லதான கீறாங்க. கண்ணால காட்டு. ஒரே ஒரு குடும்பம். அப்பறம் நான் வாயத் தொறந்தா கேளு."

ஏப்ரலில் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியை வருவார். அதற்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஜூனில் ஜீவா மறுபடியும் அதே பள்ளிக்கூடம். பகலவன் சொல்லிவிட்டார்.

கிழங்கு லோடோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போக அவருக்குச் சின்னசேலம் வழிதான். பொங்கலுக்கு நாங்கள் மூன்று பேரும் வரலாமா? பத்து நிமிடம் போதும். இளவரசன் தன் பாட்டுக்குச் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தால்கூடப் போதும்.

சந்தியா


சின்னசேலம்
06.01.2025

அன்புள்ள சந்தியா,

பொங்கலுக்கு வேண்டாம். இளவரசனுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஜீவாவுக்கு ஒட்டிக்கொள்ளும்.

உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல். பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கில் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அதற்குமேல் எல்லோரையும் போலத்தான். விண்ணப்பங்களை அச்சடித்து வைத்திருக்கிறேன். ஆண்களுக்குச் சான்றிதழ் எப்படி வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். குழுவில் எத்தனையோ அப்பாக்களைப் பார்த்துவிட்டேன்.

அம்மை இறங்கியதும் நானே எழுதுகிறேன். நீயாகக் கிளம்பி வந்துவிடாதே.

தேவிப்ரியா


2 பிப்ரவரி

அக்கா,

விண்ணப்பங்களைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பர்ல வழி கீது. நடந்தவங்க யாரு?" என்றார்.

ஜீவா மை செய்தாள். கடுக்காயை நசுக்கி ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு, ஒரு வாரம். எழுதும்போது வெளிறித் தெரிகிறது, மறுநாள் கறுத்துவிடுகிறது. அதில் இளவரசன் பெயரை எழுதியிருக்கிறாள். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு குழுவின் காணொளிக் கூட்டத்துக்கு அவளைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். முப்பது முகங்கள். எங்கள் முறை வந்தது. ஜீவா பேசினாள். மையைப் பற்றி ஆறு நிமிடம், நிறுத்தாமல், புட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டி. அங்கே எங்கள் படம் முதல் நொடியிலேயே உறைந்துவிட்டதாம், குரலும் போகவில்லையாம். வாய் பாதி திறந்த ஒரு சிறுமியை எல்லோரும் ஆறு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் மட்டும் எங்களுக்குத் தெளிவாக வந்தது.

கேட்டார்கள் என்று ஜீவா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

நீங்கள் குழுவில் போடும் படங்களை அவளுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நேற்று வரிசையாகப் பார்த்துவிட்டு, "அந்த அண்ணனுக்கு இந்தப் பல்லு ஏம்மா இன்னும் மொளைக்கல?" என்று கேட்டாள். தீபாவளிப் படத்திலும் பொங்கல் படத்திலும் அதே ஓட்டை. சில பற்கள் தாமதமாக வரும் என்றேன்.

அவன் நன்றாக இருக்கிறானா? எந்தத் தேதி வரட்டும்?

சந்தியா


20.02.2025

சந்தியா,

அவசரமாக எழுதுகிறேன். இரண்டு வாரம் ஊரில் இருக்க மாட்டேன். கார்டையும் அவசரமாகத்தான் நிரப்பினேன். மார்ச்சில் பார்க்கலாம்.

மை அழகாக இருக்கிறது. இளவரசனிடம் காட்டினேன்.

தேவிப்ரியா


9 மார்ச்

தேவிப்ரியா அவர்களுக்கு,

கார்டில் ஒன்பது கோப்புறைகள் இருந்தன. ஒன்பதாவதற்குப் பெயர் இல்லை. நாற்பத்தொரு ஒலிப்பதிவுகள்.

முதலில் கேட்டது ஜீவா. நான் கொல்லையில் இருந்தேன். உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் தரையில் படுத்து ஃபோனைக் காதில் வைத்திருக்கிறாள்.

"அம்மா, நான் இளவரசு. வார்டன் சார் ஃபோன்ல பேசறேன். ஞாயித்துக்கெழம வரச்ச அந்தப் பழைய ஷூவ எடுத்துக்கினு வராத, பத்தல. கபடில என்ன சேத்துக்கினாங்க. நீ சாப்ட்டியா? அழுவாத. நான் நல்லாத்தான் கீறேன்."

"நானுந்தான்" என்றாள் ஜீவா.

முழுவதையும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சேலத்தில் விடுதி. ஆறாம் வகுப்பு. கணக்கு சார் பெயர்கூட எனக்கு இப்போது தெரியும். பழைய பதிவு ஒன்றரை வருடத்துக்கு முந்தையது.

எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

உங்களை வைத்து நான் ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கணக்கெடுப்புக்கு இன்னும் ஆறு வாரம்தான்.

பதில் வேண்டாம்.

சந்தியா


சின்னசேலம்
16.03.2025

சந்தியா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

மூன்று வருடம் அவனை நான் வீட்டில்தான் படிக்கவைத்தேன். அது பொய் இல்லை. செயின், பல்சக்கரம் எல்லாம் நடந்தவை, அப்போது நடந்தவை. நான் நல்ல டீச்சராகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாமா பிள்ளைகள் எல்லாம் லீவு, லீவு என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான். "எனக்கு மட்டும் ஏம்மா லீவே வரதில்ல?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூடம் போறேன், ஹாஸ்டல்ல சேத்து வுடு. யாரும் அவனை என்னிடமிருந்து பறிக்கவில்லை. அவனாகப் போனான். அந்த மூன்று வருடத்தில் நான் அவனை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இதில் உனக்கு விருப்பமா என்று.

2023 ஜூனில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஃபோனைத் திறந்தால் குழுவில் பதினேழு பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். என் பிள்ளை எழுத மாட்டேன் என்கிறான், என் மாமியார் திட்டுகிறார், எங்கே தொடங்குவது. ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாளும் கேட்டார்கள். ஒரு அம்மா, "இளவரசன் இன்று என்ன செய்கிறான்?" என்று கேட்டார். பழைய படம் ஒன்றைப் போட்டேன்.

அப்படித்தான் அவன் அந்த வயதிலேயே நின்றுவிட்டான். அவனுக்குப் பத்து இல்லை, பதினொன்று. பல் முளைத்துவிட்டது. ஜீவா ஒருத்திதான் கவனித்திருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒருவரும் கேட்கவில்லை.

நீ மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது பேசாமல் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் என்னைப் போல ஒருத்தி. இருக்க முடியவில்லை.

ஒலிப்பதிவுகளைத் தினமும் கேட்பேன். எப்படிக் கலந்தது என்று தெரியவில்லை. அவசரம்தான். அவசரம் மட்டும்தானா என்றும் தெரியவில்லை.

ஒன்று செய்யலாம். தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் அவன் வருவான். அவனைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் முன்னாலும் அந்த ஆசிரியை முன்னாலும் வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லட்டும். அவனிடம் கேட்டேன். "எத்தினி நாளைக்கு அப்டி சொல்லணும்?" என்றான். ஒரு நாள் என்றேன். சரி என்றான்.

தேவிப்ரியா


சின்னசேலம்
21.04.2025

சந்தியா,

பதில் வரவில்லை. வராது என்று தெரியும்.

குழுவில் எல்லோருக்கும் உண்மையை எழுதிவிட்டேன். பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். நீ பாறைக்கு ஏறினால் பார்ப்பாய்.

இளவரசன் வந்திருக்கிறான். மலைக்கு எப்போ போறோம் என்கிறான். நீ சொன்னால் வருகிறோம். இல்லையென்றால் இல்லை.

தே.


வெள்ளிமலைக்கு மேலே
5 ஜூன் 2025

அக்கா,

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி கணக்கெடுக்க வந்தார். மூச்சு வாங்கியது. மோர் கொடுத்தேன். படிவத்தை எடுத்தார். காரணம் என்று ஒரு வரிசை. குடிபெயர்வு, குழந்தைத் திருமணம், வேலை, உடல்நலம், ஆர்வமின்மை.

"இதுல எதும்மா?"

"இதில் இல்லை."

"இல்லாதத நான் எங்கம்மா எழுதறது? கட்டம் அஞ்சுதான குடுத்துக்கீறாங்க."

பகலவன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு குடும்பத்தைக் காட்டு என்று டீச்சர் முன்னால் கேட்பார் என்று காத்திருந்தேன். உங்கள் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பொய்யாகவா, உண்மையாகவா, எனக்கே தெரியாது.

அவர், "இப்ப ஒண்ணும் எழுதாத டீச்சர். ஜூன் வரைக்கும் டைம் குடு. அவ சொல்லுவா" என்றார்.

டீச்சர் போனபிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடுதி, ஒலிப்பதிவு, பல். அவர் வேனின் பின்கதவுக் கொண்டியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்."

பிப்ரவரியில் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பையன் சேலத்தில் படிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கைகாட்டியதில் உங்களையும் பார்த்திருக்கிறார். "கவர வெச்சிக்கினு தபால் பொட்டியாண்ட நின்னுக்கினு இருந்துச்சு அந்தம்மா. போட்டுட்டு, உள்ள வுழுந்துச்சான்னு பொட்டியத் தட்டிப் பாத்துச்சு."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீங்கள்தானே ஜெயித்தீர்கள்."

"சொன்னா நீ லெட்டர் எழுதறத நிறுத்திப்ப. இந்த மலைல உனக்கு வேற யாரு கீறாங்க?"

அவர் அதை என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் அவனைக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் கேட்டதில்லை. எத்தனை இணையப் பக்கங்களைத் தேடினேன், எத்தனை பேரைக் கேட்டேன், பக்கத்தில் படுத்திருக்கிறவளைக் கேட்கவில்லை. மறுநாள் காலை கேட்டேன். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜீவா, பள்ளிக்கூடம் போறியா?"

யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள் போல.

"நான் போயிட்டா நீ யாராண்டம்மா பேசுவ?"

நான் சட்னி எடுக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதம் போனது. அதனால்தான் உங்களுக்கும் எழுதவில்லை. இளவரசனை வரச் சொல்லாததும் அதனால்தான். அவன் நடிக்க வந்திருக்க வேண்டியதில்லை. காலாண்டு விடுமுறையில் வரட்டும். ஆறாவது முடித்து ஏழாவது படிக்கிற பையனாகவே வரட்டும். ஜீவா அவனிடம் பல்லைக் காட்டச் சொல்வாள்.

குழுவில் நீங்கள் எழுதியதைப் பாறையில் உட்கார்ந்து படித்தேன். சிலர் கோபமாக எழுதியிருந்தார்கள், சிலர் விலகிவிட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா, ஈரோடோ எங்கேயோ, "என் மகளும் பள்ளிக்கூடம் போய் ஒரு வருடம் ஆகிறது. சொல்லத் தைரியம் இல்லை" என்று எழுதியிருந்தார். நீங்கள் அதைப் பார்ப்பதற்குள் வெளியேறிவிட்டிருப்பீர்கள். அதற்காகச் சொல்கிறேன்.

நீ போ, பேசுவதற்கு நான் ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசியில் ஜீவாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை பள்ளியைத் திறந்தார்கள். பகலவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஜீவா நடுவில். நான் பின்னால். அவள் திரும்பிப் பார்த்தது என்னைத்தான், பயந்து இல்லை. ஒரு சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

இன்னும் பேசவில்லை. நேற்று பக்கத்தில் உட்காரும் சுபஸ்ரீயின் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாளாம். என்ன என்று டீச்சர் கேட்டதற்கு அந்தப் பெண் சொல்ல மறுத்துவிட்டது. சாயங்காலங்களில் உங்கள் கோப்புறைகளைத் திறக்கிறோம். அது நிற்காது.

இப்போது மணி பதினொன்று. ரங்கம்மாள் காட்டுக்குப் போய்விட்டாள். வேனும் கீழே போய்விட்டது. இந்தக் கடிதத்தை ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில் பழகிவிட்டது.

ஜீவா நாலரைக்கு வருவாள். வந்து பையை வைத்ததும் கேட்கிறாள், மூன்று நாளாக. இன்னிக்கு யாராண்டம்மா பேசின?

இன்றைக்கு உங்கள் பெயரைச் சொல்வேன்.

சந்தியா